பெரிய டீச்சர் அறைக்கு எத்தனை கிலோ

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. சொல்லப்போனால் மேடை ஏறினால் முதலில் இதைத்தான் சொல்வேன். அந்த ஐந்தாம் வகுப்புக்காரன் இன்று ஒரு மேல்நிலைப் பள்ளிக்குத் தாளாளர். சிவகாசிக்கும் ஆமத்தூருக்கும் நடுவில் எங்கள் ஊர் வியாபாரிகள் சேர்ந்து நடத்தும் அறக்கட்டளையின் பள்ளி அது. அரசு உதவி பெறுகிறது. வாத்தியார்களுக்குச் சம்பளம் அரசாங்கம் கொடுக்கும். கட்டடமும் நிர்வாகமும் எங்கள் தலையில். எண்ணூறு பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேரின் அப்பா அம்மா பட்டாசுக் கம்பெனியிலோ தீப்பெட்டிக் கம்பெனியிலோ வேலை பார்ப்பவர்கள். தாளாளர் பொறுப்புக்கு மூன்று தடவை தேர்தல் வந்தது. மூன்று தடவையும் என்னை எதிர்த்து ஆள் நிற்கவில்லை. நின்றிருந்தாலும் ஜெயித்திருக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

பதினெட்டு வயதில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றப் போனேன். போர்மேன் ஆனேன். பிறகு சொந்தமாக லைசென்ஸ் எடுத்தேன். இன்று வெம்பக்கோட்டை ரோட்டில் இருநூறு பேர் வேலை பார்க்கும் கம்பெனி என்னுடையது. யாரும் தூக்கிவிடவில்லை. நானாகத்தான் ஏறினேன்.

ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது எங்கள் பள்ளித் தலைமையாசிரியையைப் பற்றி. பிள்ளைகள் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள். என்னை விட்டுவிட்டு அவர் கதையைச் சொல்ல முடியாது. அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தவன் நான். அவர் எழுந்து போகிற அளவுக்குக் கொண்டுவந்து விட்டவனும் நான்தான்.

பழைய தலைமையாசிரியர் ஓய்வு பெற்றபோது ஒரு அதிசயம் நடந்தது. அடுத்த சீனியர் எவரோ அவருக்குத்தான் அந்த நாற்காலி. அந்தச் சீனியர், எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்கு அடுத்தவரும் அதே வாசகத்தை எழுதிக் கொடுத்தார். ஒரு காலத்தில் இந்த நாற்காலிக்காகக் கோர்ட்டு வரை போனவர்களை எனக்குத் தெரியும். சம்பளத்தில் கொஞ்சம்தான் வித்தியாசம், வேலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் என்று ஊர் முழுக்க வாத்தியார்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது விளங்கவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஆள் கணக்கு டீச்சர். அவருடைய அம்மா என்னுடைய முதல் ஷெட்டில் சரவெடி பின்னியவர். அந்த அம்மா பின்னினால் சரம் ஒரே நேராக இருக்கும். மகள் எம்.எஸ்சி. முடித்து எங்கள் பள்ளிக்கே வந்தார். பிளஸ் டூ கணக்கில் எங்கள் பிள்ளைகள் மார்க் வாங்கினார்கள் என்றால் அது அவர் கைவண்ணம். நானே அவரைக் கூப்பிட்டுப் பேசினேன்.

"எனக்கு கிளாஸ் எடுக்கணும் ஐயா. அந்த சீட்டுல உக்காந்தா சாக்பீஸையே தொட முடியாதுங்கிறாக" என்றார்.

"யாரு சொன்னா? நான் இருநூறு பேரைக் கட்டி மேய்க்கிறேன். இங்க முப்பது வாத்தியாரு, எண்ணூறு பிள்ளைக. இது ஒரு வேலையா டீச்சர்? நீங்க சும்மா உக்காருங்க. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

கமிட்டியில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். சின்ன வயசு, பொம்பளை ஆளு, தாங்குமா என்றார்கள். நான் மேஜையைத் தட்டி, "நான் பார்த்து எடுத்த ஆளு ஒண்ணுகூட இதுவரைக்கும் தப்பினது கிடையாது" என்றேன். அது பெருமைக்குச் சொன்னதல்ல, உண்மை.

ஒன்றரை வருடம் போயிருக்கும். அரையாண்டுப் பரீட்சைக்கு முந்தின வாரம், தீபாவளி முடிந்து கம்பெனியில் வேலை தணிந்திருந்த நேரம். ஒரு சாயங்காலம் பெரிய டீச்சர் என் ஆபீசுக்கே வந்து நின்றார்.

"வாங்க டீச்சர். என்ன இம்புட்டுத் தூரம்? ஒரு போன் போட்டிருந்தா நானே வந்திருப்பேன்ல. காப்பி சாப்பிடுறீகளா?"

"வேண்டாங்கய்யா" என்று ஒரு கவரை நீட்டினார்.

எனக்கு எதையும் நிதானமாகத்தான் படிக்க வரும். ஆனாலும் அந்தக் கடிதம் சீக்கிரம் விளங்கிவிட்டது. தலைமையாசிரியர் பொறுப்பிலிருந்து தன்னை விடுவித்து, பழையபடி கணக்கு ஆசிரியராகவே இருக்க அனுமதிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் முடிவு தெரிய வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

அவர் எழுந்துவிட்டால் அந்த நாற்காலியில் உட்கார வேறு ஆள் இல்லை. இரண்டு பேர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாயிற்று. நாலாவது ஆள் பிந்தி வேலைக்கு வந்தவர், அடுத்த வருடம் அவருக்கு ஓய்வு. அதைவிட, மேஜையைத் தட்டிப் பேசிய என் வாய் என்ன ஆவது?

"யாரு என்ன சொன்னா? பேரைச் சொல்லுங்க, நான் கேட்டுக்கிடுதேன்."

"யாரும் ஒண்ணும் சொல்லலீங்கய்யா. பதினோரு நாளா பிளஸ் டூ வகுப்புக்கு நான் போகல. பிள்ளைக என்னயப் பாத்தா வணக்கம் சொல்லுதுக. சந்தேகம் கேக்க மாட்டேங்குதுக. கேட்டு என்ன ஆகப்போகுதுன்னு விட்டுருச்சுக."

"வேலைன்னா இருக்கத்தான் செய்யும் டீச்சர். சீசன் நேரத்துல என் பொழப்பைப் பாத்திருக்கீகளா?"

அவர் கோபப்படவில்லை. "ஒரு நாள் எங்க ரூம்ல வந்து உக்காருங்க ஐயா. காலையில மணி அடிக்கிறதுல இருந்து சாயங்காலம் மணி அடிக்கிற வரைக்கும். அதுக்கப்புறமும் இது ஒரு வேலையான்னு கேட்டீகன்னா, அந்த லெட்டரை நானே கிழிச்சுப் போட்டுருதேன்."

பந்தயம் என்றால் எனக்குப் பிடிக்கும். மறுநாளே போனேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பேப்பர். படிப்பதற்கு அல்ல, பொழுது போகாவிட்டால் விசிறிக்கொள்ள. அதைப் பிரிக்கவே இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் போனபோது மணி ஒன்பது அடிக்கவில்லை. பெரிய டீச்சர் அறையில் இல்லை. மாடிப்படி திரும்புகிற இடத்தில் நின்று, கையை உயர்த்தி செல்போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். எண்ணூறு பிள்ளைகளின் வருகையும் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஆன்லைனில் ஏற வேண்டுமாம். அந்தப் படியில் நின்றால்தான் சிக்னல் கிடைக்குமாம். "ரெண்டு கிளாஸ் ஏற மாட்டேங்குது ஐயா, நீங்க உக்காருங்க, வந்துருதேன்" என்றார். மூன்று வாத்தியார்கள் அன்று லீவு. எந்த வகுப்புக்கு யாரை அனுப்புவது என்று படியில் நின்றபடியே ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கிளார்க்கிடம் கொடுத்தார். கிளார்க் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், எங்கள் தெருக்காரர், வாய்த்துடுக்கு உள்ள ஆள்.

பத்து மணிக்குப் பிளஸ் டூ கணக்கு. பெரிய டீச்சர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் ஒரு அம்மா நின்றார். மகனுக்கு வந்த உதவித்தொகை திரும்பிப் போய்விட்டது. ஆதாரில் ஒரு பெயர், பேங்கில் ஒரு பெயர். பேங்கில் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள்.

"இன்னைக்கு வேலைக்குப் போகாம வந்திருக்கேன் டீச்சர். நாளைக்கும் வரச் சொன்னீகன்னா எங்க கம்பெனியில என்னைய உள்ளேயே விட மாட்டாக" என்றார் அந்த அம்மா. அப்புறம் என்னைப் பார்த்துவிட்டார். "ஆத்தாடி, மொதலாளி! நம்ம கம்பெனியச் சொல்லலய்யா."

"நம்ம கம்பெனிதானா நீ?"

"ஆமாய்யா, மூணாம் நம்பர் ரூமு."

அன்று அவருக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று அங்கேயே போன் போட்டுச் சொன்னேன். அது என் வேலை, பத்து வினாடியில் முடிந்தது. ஆனால் அந்த அம்மாவின் பேப்பர்களைச் சரிபார்த்து, சான்று எழுதி, சீல் வைத்து அனுப்பப் பெரிய டீச்சருக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. அதற்குள் கணக்கு வகுப்பு முடிந்து மணி அடித்துவிட்டது. சாக்பீஸ் மேஜைமேல் அப்படியே கிடந்தது.

பிறகு தண்ணீர்த் தொட்டி கழுவுகிற போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று ஒரு செய்தி வந்தது. கொசு வளராமல் பார்த்துக்கொள்ளும் நாளாம். தொட்டியை முந்தின வாரமே கழுவியாயிற்று. போட்டோ இன்றைய தேதியில் வேண்டும் என்பதால் மறுபடி கழுவினார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி நாலு நாளாக வரவில்லை என்று அவள் வீட்டுக்குப் போன் போட்டார். யாரும் எடுக்காததால், பக்கத்து வீட்டு நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினார். இரும்புச்சத்து மாத்திரை எத்தனை பேர் விழுங்கினார்கள் என்ற கணக்கு, விலையில்லாச் சைக்கிள் எத்தனை வந்தது, எத்தனைக்கு பெல் இல்லை என்ற கணக்கு. மத்தியானம் சத்துணவுச் சோற்றைப் பிள்ளைகளுக்கு முன்னால் அவர்தான் சாப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வாய் சாப்பிட்டார். அதுதான் அவருடைய மத்தியானச் சாப்பாடு என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த டிபன் பாக்ஸ் சாயங்காலம் வரை மூடியபடியே இருந்தது.

இரண்டரை மணிக்கு எப்படியோ ஒரு இடைவெளி கிடைத்தது. "வாங்க ஐயா" என்று என்னையும் கூட்டிக்கொண்டு பிளஸ் டூ வகுப்புக்குப் போனார். நான் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் பிளஸ் டூ வகுப்பில் நான் உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான். அவர் போர்டில் ஒரு வட்டம் போட்டார். நூல் பிடித்த மாதிரி வட்டம். அம்மா பின்னிய சரம் என் நினைவுக்கு வந்தது. அவர் குரலே மாறிவிட்டது. காலையிலிருந்து நான் கேட்ட குரல் அது இல்லை. முன்வரிசையில் ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்து, "டீச்சர், அந்த ரெண்டாவது ஸ்டெப்பு..." என்று ஆரம்பித்தாள். அப்போது கிளார்க் வாசலில் வந்து நின்றார். ஜீப்பில் யாரோ அதிகாரி வந்திருக்கிறார், கழிப்பறையைப் பார்க்க வேண்டுமாம். பெரிய டீச்சர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "நாளைக்குச் சொல்லுதேன்மா" என்றார். அந்தப் பெண் சரி என்று தலையாட்டிவிட்டு நோட்டை மூடினாள். அந்த நோட்டு மூடிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பலநாள் பழக்கப்பட்ட கை மூடுகிற மாதிரி இருந்தது.

நாலரை மணிக்கு அறையில் வந்து உட்கார்ந்தோம். எனக்கு இடுப்பு வலித்தது. இத்தனைக்கும் நான் ஒரு வேலையும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

"ரொம்ப அலைச்சல்தான் டீச்சர்" என்றேன். தோற்றதை அதற்கு மேல் எப்படி ஒத்துக்கொள்வது?

அவர் தண்ணீர் குடித்துவிட்டு, "இன்னைக்கு எம்புட்டோ பரவாயில்ல ஐயா. வேலை கம்மி" என்றார்.

"கம்மியா? இதுவா?"

கிளார்க்கால் வாயை அடக்க முடியவில்லை. "அண்ணாச்சி இங்கனயே உக்காந்துட்டீகள்ல. அதான் போன் வரல."

பெரிய டீச்சர் கிளார்க்கைப் பார்த்த பார்வையில் அவர் கதவோரம் நகர்ந்துவிட்டார். நான் விடவில்லை. "இங்க வாய்யா. என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

"ஒண்ணுமில்லாததுக்கா பல்லைக் காட்டுன? டீச்சர், அந்தப் போனைக் குடுங்க."

முந்தின நாள் வந்த அழைப்புகளைப் பார்த்தேன். என் பெயர் ஏழு தடவை இருந்தது. ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருந்தது. நண்பர் வீட்டு விசேஷத்துக்கு நாற்பது பெஞ்சு அனுப்பச் சொன்னேன். அனுப்பியாச்சா என்று கேட்க ஒரு போன், எண்ணி வாங்கினார்களா என்று இன்னொரு போன். ஞாயிற்றுக்கிழமை மரம் நடுவிழா, நூறு பிள்ளைகள் வேண்டும் என்றேன். தலைக்கவச ஊர்வலத்துக்கு நம் பள்ளிதான் முன்னால் போக வேண்டும் என்றேன். வேறொரு ஊர்க்காரர்கள் நடத்தும் வினாடி வினாவுக்கு நம் ஹாலைக் கொடுத்துவிட்டேன் என்று, கொடுத்த பிறகு சொன்னேன். ஒரு போன் எதற்குச் செய்தேன் என்றால், சும்மா. பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது என்று கேட்க. அந்தப் போன் பத்து மணி ஐந்து நிமிடத்துக்குப் போயிருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஆர்டர் வந்தால் முடியாது என்று சொல்லக் கூடாது. முதலில் கையை நீட்டி வாங்கிவிட வேண்டும். ஆள், அட்டை, வண்டி எல்லாம் அப்புறம் தேடிக்கொள்ளலாம். நான் முன்னுக்கு வந்ததே அப்படித்தான். மற்ற கம்பெனிக்காரர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போது நான் சரி என்றேன். அதே பழக்கத்தைப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோய்விட்டேன். ஊரில் யார் என்ன கேட்டாலும், எங்க பள்ளிக்கூடம் செஞ்சு தரும் என்று ஆர்டர் பிடித்தேன். எனக்குப் பெருமை. வேலை செய்தது அவர். அரசாங்கம் ஒரு பக்கம் ஏற்றியது, நான் இன்னொரு பக்கம் ஏற்றினேன். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவன், மற்றது என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

பட்டாசுக் கம்பெனியைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்களிடம் ஒவ்வொரு அறையும் தனித்தனியாக, தள்ளித்தள்ளி நிற்கும். ஒவ்வொரு அறைச் சுவரிலும் பெயிண்டில் எழுதியிருக்கும்: இந்த அறையில் இத்தனை ஆள், இத்தனை கிலோ வெடிமருந்து, அதற்கு மேல் கூடாது. நான் போர்மேனாக இருந்தபோது, சீசன் அவசரத்தில் நாலு பேர் அறைக்கு ஐந்தாவது ஆளை அனுப்பினார் என் முதலாளி. நான் வாசலில் குறுக்கே நின்றுவிட்டேன். வேலை போனாலும் பரவாயில்லை என்று நின்றேன். அவர் திட்டிவிட்டுப் போனார், வேலை போகவில்லை. அதே மாதிரி மருந்து கலக்குகிற ஆள் அறைக்குள் இருந்தால் யாரும் கூப்பிட மாட்டோம். முதலாளியே வந்தாலும் தள்ளி நிற்பார். கலக்குகிறவன் கவனம் ஒரு நொடி திரும்பக் கூடாது.

இத்தனையும் தெரிந்த நான், ஒரு ஆள் இருக்கிற அறையில் எத்தனை கிலோ ஏற்றினேன்? அந்த அறைச் சுவரில் யாரும் எழுதி வைக்கவில்லை என்பதற்காகக் கண் தெரியாதவன் மாதிரி ஏற்றிக்கொண்டே இருந்தேன். போர்மேனாக நின்ற வயதில் இருந்த புத்தி, முதலாளியான பிறகு கொஞ்சம் மங்கிவிட்டது. இதை நானே சொல்லிக்கொள்கிறேன். வேறு யாரும் என்னிடம் சொல்லிவிட முடியாது.

"லெட்டர் எங்கிட்ட இருக்கட்டும் டீச்சர். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நாள் இருக்குல்ல?" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு காரியத்தில் இறங்கிவிட்டேன் என்றால் என்னை யாரும் பிடிக்க முடியாது. கமிட்டியைக் கூட்டினேன். தலைமையாசிரியை அறைக்கு இனிமேல் வெளி ஆர்டர் கிடையாது, யார் கேட்டாலும் அவர் சம்மதம் சொன்ன பிறகுதான் நாம் சரி சொல்ல வேண்டும் என்றேன். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று, பள்ளி வேனுக்குத் தகுதிச் சான்று இந்த நான்கும் இனி என் பொறுப்பு என்றேன்.

"என்ன அண்ணாச்சி, டீச்சரம்மா உங்களுக்கே டூட்டி போட்டுட்டாகளா?" என்றார் எண்ணெய்க் கடைக்காரர்.

"ஆமாய்யா, போட்டுட்டாக. உமக்கும் ஒண்ணு வாங்கித் தரட்டுமா? கழிப்பறைக் குழாயெல்லாம் இனி உம்ம பொறுப்பு. ஒழுகுச்சுன்னா போன் உமக்குத்தான் வரும்."

சிரித்தார்கள். ஆனால் குழாய் அவருக்கே எழுதப்பட்டது.

சான்று வாங்குவதில் என்னை அடிக்க இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. லைசென்சிலேயே வாழ்ந்தவன் நான். எந்த ஆபீசில் எந்த ஜன்னல், எந்தப் பேப்பருக்கு மேல் எந்தப் பேப்பர் இருந்தால் தடங்கல் இல்லாமல் போகும், எந்த நாள் அதிகாரி இடத்தில் இருப்பார் எல்லாம் எனக்கு மனப்பாடம். பெரிய டீச்சர் ஆறு மாதமாக வகுப்பை விட்டுவிட்டு அலைந்தும் கிடைக்காத கட்டட உறுதிச் சான்றை, நான் பரீட்சை முடிவதற்குள் வாங்கி வந்தேன். குறுக்கு வழி ஒன்றும் இல்லை. வரைபடத்தில் புதிய கழிப்பறை சேராமல் இருந்தது. அதைச் சேர்க்காமல் எத்தனை தடவை கொடுத்தாலும் திரும்பித்தான் வரும். அது எனக்குப் பார்த்த உடனே தெரிந்தது. கணக்கில் எம்.எஸ்சி. படித்தவருக்கு அது தெரிய வேண்டிய அவசியம் என்ன?

ஆன்லைன் வேலைக்கும் ஒரு வழி செய்தேன். தீபாவளி முடிந்துவிட்டால் எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்ணுக்கு மாதக்கணக்கில் ஈ ஓட்டுகிற வேலைதான். அந்தப் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பினேன். பெரிய டீச்சர் சரிபார்ப்பார், அந்தப் பெண் ஏற்றும். சீசன் வந்தபோது திருப்பிக் கூப்பிட மனம் வரவில்லை. கம்பெனிக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டேன். மாடிப்படிக்குப் பக்கத்தில் சிக்னல் பெட்டி ஒன்றும் வைத்தாயிற்று.

ஆனால் இதெல்லாம் லேசான வேலை. கஷ்டமானது ஒன்றுதான். மார்கழி பிறக்குமுன் சாத்தூரில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் பெரிய மில் முதலாளி உட்கார்ந்தார். எனக்கு ஆரம்ப காலத்தில் கைகொடுத்தவர், அவரிடம் நான் இதுவரை இல்லை என்று சொன்னதில்லை. அவர் ஜனவரியில் ஒரு விழா நடத்துகிறாராம். வெளியூர்ப் பிரமுகர் வருகிறார். ரோட்டின் இரண்டு பக்கமும் பிள்ளைகளைப் பூவோடு நிறுத்த வேண்டும். "ஒரு இருநூறு பிள்ளைக போதும். உங்க பள்ளிக்கூடம்னு சொல்லிட்டேன்" என்றார்.

என் வாயில் சரி என்ற வார்த்தை வந்துவிட்டது. அதை அப்பளத்தோடு சேர்த்து மென்று விழுங்கினேன். "டீச்சர்ட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

அவர் இலையிலிருந்து தலையைத் தூக்கினார். "டீச்சர்ட்டயா? தாளாளர் நீங்களா, அவுகளா?"

"நான்தான். அதுனாலதான் கேக்கணும்."

"என்னய்யா, புதுசா பேசுறீரு?"

"பரீட்சைக்குப் படிக்கிற நேரம் அண்ணாச்சி. பிள்ளைக வெயில்ல நிக்க வேண்டாம். நான் வேணும்னா பூவோட வந்து நிக்கேன். ஒரு ஆளு இருநூறு பேருக்குச் சமானம்னு நீங்கதானே சொல்லுவீக."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். பாயசம் வரும்வரை நான் இலையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. ஐம்பது வருடத் தொழிலில் நான் திருப்பி அனுப்பிய முதல் ஆர்டர் அது. அதற்குப் பிறகு நிறையத் திருப்பி அனுப்பிவிட்டேன். இப்போது நன்றாகவே வருகிறது.

பள்ளி திறக்கிற நாள் வந்தது. நான் ஒன்பது மணிக்கு முன்பே போய்விட்டேன். போன் செய்யவில்லை. பெரிய டீச்சர் தன் நாற்காலியில் இருந்தார். நான் சட்டைப்பையிலிருந்து அவருடைய கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "இதுல கையெழுத்துப் போடணும்னா இப்பவே போட்டுருதேன் டீச்சர். நான் ஏத்துன லோடு மட்டும் இறக்கிட்டேன். அரசாங்கம் ஏத்துறது என் கையில இல்ல. அது இன்னும் கூடத்தான் செய்யும். பொய் சொல்ல மாட்டேன்."

அவர் கடிதத்தைத் தொடவில்லை. "பத்து மணிக்கு எனக்கு கிளாஸ் ஐயா" என்றார்.

"போங்க. யாரு தடுத்தா?"

"அந்த நாப்பது நிமிசம் ரூம் பூட்டிருக்கும். ஜீப்பு வந்தாலும் சரி, யாரு வந்தாலும் சரி, வெளிய உக்காந்திருக்கணும்."

"உக்காருவாக."

"நீங்களும்."

கிளார்க் ஒரு இருமல் இருமினார். நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மருந்து கலக்குற ரூம் மாதிரின்னு வச்சுக்கிடுவோம் டீச்சர். நானும்" என்றேன்.

அதன் பிறகுதான் அவர் கடிதத்தை எடுத்தார். கிழிக்கவில்லை. "இந்த வருசப் பிள்ளைக பரீட்சை எழுதட்டும். அப்புறம் பாப்போம்" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நல்ல ஆள் அப்படித்தான் பேசும். முழுசாக வாக்குக் கொடுக்கிறவர்களை நான் தொழிலில் நம்பியதில்லை.

அந்தப் பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள், நன்றாகவே எழுதினார்கள். பெரிய டீச்சர் கடிதத்தைக் கேட்கவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. அதற்கடுத்த பிள்ளைகளும் எழுதிவிட்டார்கள். இன்னும் அவர்தான் பெரிய டீச்சர். மற்றப் பள்ளித் தாளாளர்கள் என்னிடம் வந்து, உங்க ஹெச்.எம். மட்டும் எப்படி வகுப்பும் எடுக்கிறார், நாற்காலியையும் விடாமல் இருக்கிறார் என்று கேட்கிறார்கள். எனக்கு நேரம் இருந்தால் விளக்கமாகச் சொல்வேன். இவ்வளவு விளக்கமாகச் சொல்லாமல் விட்டதால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

போன வாரம் வேன் தகுதிச் சான்றுக்கான பேப்பரில் அவர் கையெழுத்து வாங்கப் போனேன். பத்து மணி ஆகி ஐந்து நிமிடம். அறை பூட்டியிருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆயாம்மா, என்னைத் தெரியாதவர், "உக்காருங்கய்யா, பெரிய டீச்சர் கிளாஸ்ல இருக்காக, வெளியில யாரா இருந்தாலும் நாப்பது நிமிசம்" என்றார். அங்கே ஏற்கெனவே இரண்டு பெற்றோர், ஒரு பேங்க்காரர், ஒரு அதிகாரியின் டிரைவர் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஐந்தாவது ஆளாக உட்கார்ந்தேன். கிளார்க் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஆயாம்மாவிடம் ஓடிவந்தார், நான் யார் என்று சொல்ல. நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். மாடியில் அவர் குரல் கேட்டது, என்ன பாடம் என்று எனக்கு விளங்கவில்லை. யாரோ ஒரு பெண் நடுவில் சந்தேகம் கேட்டாள். அவர் நின்று பதில் சொன்னார். அவள் திரும்பவும் கேட்டாள். அவர் திரும்பவும் சொன்னார்.